துணைக்கு வருபவர் யாருடைய ஆள்?

(தங்கச்சிமடத்தில் குடிநோய் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, கடல்தொழில் செய்யும் அண்ணன் தம்பிமாரே!

கனடாவில் டொராண்டோ நகர மேயராக இருந்தவர் ராப் ஃபோர்டு. கிராக் கொக்கைன் என்ற போதைப்பொருளைப் புகைத்ததை 2013 நவம்பரில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு இரண்டு மாதம் சிகிச்சையில் இருந்துவிட்டு, ஜூன் 30 அன்று பதவிக்குத் திரும்பினார். கூடவே, போதைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு பயிற்சியாளரும் வந்தார். ஜூலையிலேயே, மேயரை எதிர்த்தவரோடு அந்தப் பயிற்சியாளர் மோதியதாகச் செய்தி வந்தது.

அவர் காவல் காத்தது மனிதரையா, பதவியையா?

தலைவர் குடிப்பதும் நோய்தான், கேலி வேண்டாம். டாக்டரிடம் அவர் பேசியதைத் தோண்டவும் நமக்கு உரிமையில்லை. ஆனால் துணைக்கு வந்தவர் மேடையேறி "தலைவர் தெளிந்துவிட்டார்" என்று சான்று கொடுத்தால், அன்றைக்கே அவர் கட்சிக்காரர். சம்பளம் தருகிறவரைப் பார்த்து "இன்றைக்குக் கூட்டத்துக்குப் போகாதீர்கள்" என்று சொல்லும் தைரியம் அவருக்கு உண்டா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

நம் கரையிலும் துணைக்கு வருகிறவர்கள் உண்டு. பங்குக் காசு பிரிக்கும் நாளில், குடியை விட்ட ஒருவர் சம்மாட்டி (படகு முதலாளி) வீட்டு வாசலில் இன்னொருவருக்காக நிற்பார். காசு வாங்கிய கை நடுங்கும். டாஸ்மாக் இல்லாத பாதையாகச் சுற்றி, பெண்சாதி கையில் காசு சேரும்வரை கூடவே நடப்பார். வழியெல்லாம் வலை, காற்று, நண்டு விலை பற்றித்தான் பேச்சு. அறிவுரை கிடையாது. நடந்ததை வெளியே சொல்லவும் மாட்டார். இவர்களை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன், ஒரு விஷயம் தவிர. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கையில் காசில்லாமல் நிறுத்துகிறவர்களுக்கும் இதேதான். அப்போது துணையாளர் போதாது, ஆஸ்பத்திரிதான்.

நம் மாவட்டத்து ஏர்வாடியை நாம் மறக்க முடியுமா? குணமாகும் என்று நம்பி வீட்டார் விட்டுவந்த மனநோயாளிகள் 28 பேர், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நிலையில், 2001 ஆகஸ்ட் 6 தீயில் மாண்டார்கள். குணப்படுத்துகிறேன் என்று வருகிற எவரையும் இந்தக் கரை விசாரிக்காமல் நம்பலாமா?

நாளை ஒரு வேட்பாளரோடு மறுவாழ்வுப் பயிற்சியாளர் என்று ஒருவர் வந்து நின்றால், எங்கே பயின்றீர்கள் என்று கேளுங்கள். தலைவர் மறுபடி குடித்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்றும் கேளுங்கள். டாக்டரிடம் என்றால் நாற்காலி போடுங்கள். கட்சி ஆபீசில் என்றால் அவரை நம்ப வேண்டாம்.