வட்டுக்கோட்டையில் ஒரு கிரகணமும் ஒரு கலித்தொகையும்

(உயர்தர வகுப்பில் சேரவிருக்கும் மாணவர்களுக்கான பாடத் தெரிவுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அன்பான மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இந்த மண்டபத்தின் படியேறும்போது ஒரு மாணவி என்னை வழிமறித்து, "ஐயா, நான் கணிதப் பிரிவுக்குப் போனால் தமிழை விட்டுவிட வேண்டியதுதானா?" என்று கேட்டார். பேசுவதற்காக நான் எழுதி வந்த குறிப்புகள் சட்டைப் பையிலேயே இருக்கின்றன. அந்தக் கேள்வியைச் சுற்றியே பேசலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

நம் முறைமை உங்களுக்குத் தெரியும். சாதாரணதரப் பெறுபேறு வந்த கையோடு பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையை உயிரியல், கணிதம், வணிகம், தொழினுட்பம், கலை என்ற வாசல்களில் ஒன்றின் முன் நிறுத்திவிடுகிறோம். உண்மையைச் சொன்னால் பல வீடுகளில் பிள்ளை நிற்பதே இல்லை; பெறுபேற்றுத் தாளைப் பார்த்து வீடே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இந்தப் பிரிப்பு ஏதோ தொல்காப்பியர் காலத்திலிருந்து வருவது போல நாம் நடந்துகொள்கிறோம். இதே யாழ்ப்பாணத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஒரே மாணவன் காலையில் நன்னூலும் பிற்பகலில் திரிகோண கணிதமும் படித்த கல்விக்கூடம் ஒன்று இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியைச் சொல்கிறேன்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1823இல், தமிழ் இளைஞர்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவும் திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். கல்லூரி என்ற பெயருக்கு ஆங்கிலேய அரசின் அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே அது முதலில் மத்திய பாடசாலையாகவும் பின்னர் செமினரியாகவும் நடந்தது. முதல் அதிபர் டானியல் பூவர். அந்தத் திட்ட அறிக்கையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: தமிழ் மொழி சமஸ்கிருதம், எபிரேயம், கிரேக்கம் போலத் தன்னளவில் நிறைவு பெற்ற மூல மொழி, அதை அதன்பொருட்டே கற்கலாம் என்ற கருத்து அதில் எழுதப்பட்டிருக்கிறது. மதம் பரப்ப வந்தவர்கள் எழுதியது அது. அவர்களுடைய நோக்கத்தை மறைத்துப் பேச வேண்டிய தேவை எனக்கில்லை. விவிலியம் அங்கே கட்டாய பாடம். ஆனால் விவிலியத்தோடு எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம், திரிகோணகணிதம், வானியல், இயற்கைத் தத்துவம் என்று அன்று அழைக்கப்பட்ட பௌதிகம், தர்க்கம், பூமிசாத்திரம், ஆங்கிலம், சமஸ்கிருதம், தமிழ் இலக்கண இலக்கியம் ஆகியவையும் ஒரே கூரையின் கீழ் வந்தன. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1850இல் வெளியான தம் நூலில், அங்கே கற்பிக்கப்பட்டவற்றின் பரப்பைக் கண்டு அதைப் பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் வரிசையில் வைக்கலாம் என்று எழுதினார். செமினரியை மூடும் பேச்சு கிளம்புவதற்குச் சில ஆண்டுகளே இருந்தன என்பதையும் இப்போதே குறித்து வையுங்கள்.

இத்தனை பாடங்களும் ஒன்றையொன்று எப்படித் தொட்டன என்பதற்கு 1829ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் கணிப்பதில் பெயர் பெற்றவர் அராலி விசுவநாத சாஸ்திரியார். அந்த ஆண்டுக்கான கிரகணத்தை அவரும் கணித்து வெளியிட்டார். பூவரும் மேனாட்டு அட்டவணைகளைக் கொண்டு கணித்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. கிரகணம் பிடிக்கும் நேரத்தில் ஏறத்தாழக் கால் மணி நேர வேறுபாடு. அது நீடிக்கும் கால அளவிலும், சந்திர பிம்பத்தில் எவ்வளவு பங்கு மறையும் என்பதிலும் வேறுபாடு. செய்தி ஊரெங்கும் பரவியது. பலர் சாஸ்திரியார் பக்கம். குறித்த இரவு வந்தது. நிழல் பூவர் சொன்னபடி விழுந்தது.

இந்தக் கதையை மிஷன் தரப்பினர் மேனாட்டு அறிவின் வெற்றியாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. சந்திர கிரகணத்தைக் கணிப்பதற்குச் சூரியனும் சந்திரனும் வான்வழியில் எங்கே நிற்கின்றன என்பதோடு, நாம் ராகு கேது என்று சொல்லும் வெட்டுப்புள்ளிகள் எங்கே இருக்கின்றன, பூமியின் நிழல் சந்திரன் தொலைவில் எவ்வளவு அகலம் என்பனவும் தெரிய வேண்டும். நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த வாய்பாட்டில் சிறு பிழை இருந்தாலும் அது ஆண்டுக்காண்டு சேர்ந்து பெருகும். அப்படிப்பட்ட வாய்பாடுகளை வைத்துக்கொண்டு, தொலைநோக்கி எதுவும் இல்லாமல், கால் மணி நேரத்துக்குள் கிரகணத்தைப் பிடித்த சாஸ்திரியாரின் கணக்கை எவரும் ஏளனம் செய்ய முடியாது. அந்த இரவில் வட்டுக்கோட்டை மாணவர்கள் கற்றது, இரண்டு கணக்குகளை அருகருகே வைத்து வானத்தைச் சாட்சிக்கு அழைக்கும் முறை. கணிதப் பாடமும் வானியல் பாடமும் ஊர்க் கோயில் நாட்காட்டியும் ஒரே இடத்தில் சந்தித்த இரவு அது.

பூவருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் இன்னும் ஒரு படி போனார். சித்தாந்தம் எனப்படும் இந்திய மரபு வானியல் முறையைத் தாமே கற்றார். அதோடு நில்லாமல் சைவ சித்தாந்த நூல்களுக்குள் இறங்கி, சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1854இல் அமெரிக்காவில் அச்சாயிற்று. கற்பிக்க வந்தவர், அந்த நூலை இயற்றிய மெய்கண்டாரிடம் மாணவராக உட்கார்ந்தார். பாடங்களுக்கு நடுவே சுவர் இல்லாத இடத்தில் ஆசிரியரும் தப்ப முடியாது போலும்.

சொற்களின் பக்கத்தையும் சற்றுப் பார்ப்போம். செமினரி மாணவரும் பின்னர் அங்கே ஆசிரியருமான கறல் விசுவநாதபிள்ளை அட்சரகணிதத்தை வீசகணிதம் என்ற பெயரில் தமிழ் நூலாக்கி 1855இல் வெளியிட்டார். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்துத் தமிழ் மருத்துவர்களை உருவாக்கினார். உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், சத்திரசிகிச்சைக்கு இரண வைத்தியம், இரசாயனத்துக்குக் கெமிஸ்தம் என்று அவரும் அவரது மாணவர்களும் பெயரிட்டார்கள். கெமிஸ்தம் நிலைக்கவில்லை, நாம் இன்று இரசாயனவியல் என்கிறோம், தமிழகத்தார் வேதியியல் என்கிறார்கள். நிலைக்காத சொல் என்று நான் அதைக் குறைத்து மதிக்க மாட்டேன். ஒரு துறை ஒரு மொழிக்குள் நுழையும்போது இப்படிப் பல சொற்கள் வந்து போவது வழக்கம்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். செமினரியின் வாசல் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. அவர்களுக்கு 1824இல் உடுவிலில் தனி விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது. ஆண்களிலும் மிகப் பெரும்பாலோர் வேளாளக் குடும்பத்துப் பிள்ளைகள். பாடங்களின் பரப்பு விரிந்திருந்ததே தவிர, அந்தப் பரப்புக்குள் காலடி வைக்கக் கூடியவர்களின் வட்டம் மிகவும் சிறியது.

1855இல் செமினரி மூடப்பட்டது. பொஸ்டனிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழு, ஆங்கில உயர்கல்விக்குச் செலவழிப்பதை விடச் சுதேச மொழியில் சமயப் பணி செய்வதே தங்கள் வேலை என்று கருதியது. படித்து வெளியேறிய இளைஞர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போனார்கள் என்ற மனத்தாங்கலும் அதில் இருந்தது. சமயப் பணிக்காக வைத்த பாடத்திட்டம் சமயத்தைத் தாண்டி ஓடிவிட்டது என்பதே அவர்களுடைய முறைப்பாடு. என் பார்வையில் அந்தப் பாடத்திட்டத்துக்கு இதைவிடச் சிறந்த நற்சான்று கிடையாது. ஊரவர்களும் பழைய மாணவர்களும் விடவில்லை. 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

செமினரி மூடி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கி முதல் பட்டத் தேர்வை நடத்தியபோது தேறியவர்கள் இருவர். ஒருவர் நான் முன்பு சொன்ன வீசகணிதக்காரர் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்து, வட்டுக்கோட்டையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் அதே செமினரி மாணவர்கள்.

என்னை வழிமறித்த மாணவிக்குத் தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கையை அவர் பார்த்த வேலைகளின் வரிசையில் சொல்கிறேன். தினவர்த்தமானி என்ற பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். ஆசிரியத் தொழில் பார்த்தார். சென்னையில் அரசாங்க வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் உயர் பதவி வகித்தார். 1871இல் சட்டப் பட்டம் பெற்றார். கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தார். இத்தனைக்கும் நடுவில், உத்தியோக நேரம் போக மீந்த நேரத்தில், ஏட்டுச் சுவடிகளைத் தேடி எடுத்தார். வீரசோழியம் என்ற இலக்கண நூலை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இலும் பதிப்பித்தார். தொட்டால் ஓரம் உதிரும், புரட்டினால் ஒடியும் நிலையில் இருந்த ஏடுகள் அவை. ஓர் ஏட்டில் உள்ள சொல்வடிவம் மற்றோர் ஏட்டில் இராது. ஒன்றில் வரி விடுபட்டிருக்கும், மற்றதில் உரையும் மூலமும் கலந்து கிடக்கும்.

இந்த வேலைக்கு இலக்கணப் புலமை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். புலமை உடையவர்கள் அன்று தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நிறையப் பேர் இருந்தார்கள். தாமோதரம்பிள்ளையிடம் அதற்கு மேலும் சில இருந்தன என்று நான் கருதுகிறேன். ஒன்றோடொன்று முரண்படும் சாட்சியங்களை அடுக்கி எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று நிறுத்துப் பார்ப்பது வழக்கறிஞரின் அன்றாடத் தொழில். வரிக்கு வரி ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டுபிடிப்பது கணக்கு அலுவலகத்தின் பழக்கம். அச்சுக்கூடத்தோடு மல்லுக்கட்டுவது பத்திரிகை கற்றுத் தந்தது. இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் வட்டுக்கோட்டையில் அவர் சேர்வதற்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்தது. இவற்றில் எதையும் அவர் "பதிப்பாசிரியராகப் போகிறேன்" என்று திட்டமிட்டுப் படிக்கவில்லை. அப்படி ஒரு தொழிலே அன்று இல்லை.

ஆகவே, மகளே, படிவத்தில் கணிதப் பிரிவு என்று தாராளமாக எழுதுங்கள். கலித்தொகை முதன்முதலாக அச்சேறியது 1887இல். அதைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளை அதே ஆண்டில் புதுக்கோட்டைக்குச் சென்று நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தார்.

நன்றி, வணக்கம்.