ஒற்றைச் செல்லைத் தாண்டிய உயிர் வேறெங்கும் உண்டா?

(நாகர்கோவிலில் மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, மாணவச் செல்வங்களே,

வேற்றுக் கோள்களில் உயிர் உண்டா என்று கேட்கும்போது நாம் மரத்தையும் மீனையும் போன்றவற்றையே எண்ணுகிறோம். ஆனால் உயிர் தோன்றுவதும், அது அத்தகைய சிக்கலான உடலைப் பெறுவதும் வேறு வேறு நிகழ்வுகள். கோள்களுக்குப் பஞ்சமில்லை. சூரியனையொத்த விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்று 1995-இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. இன்று உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்கள், அதாவது சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோள்கள், 5,000-ஐக் கடந்துவிட்டன.

தடை வேறிடத்தில் இருக்கிறது. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நுண்ணுயிர்கள் இங்கு வாழ்ந்ததற்குப் பாறைச் சான்று உண்டு. கண்ணுக்குப் புலப்படும் விலங்குகள் கடலில் தோன்றியதோ ஏறத்தாழ 57 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இடைப்பட்ட நெடுங்காலத்தில் ஒரு நுண்ணுயிர் இன்னொன்றை உள்வாங்கி, செரித்துவிடாமல் தன்னுள்ளேயே வாழவிட்டது. உள்ளே சென்றது காலப்போக்கில் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவாக மாறியது. 1967-இல் உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதை வலியுறுத்தியபோது ஏற்கத் தயங்கியவர்கள் பலர். இன்று அது பாடநூல் செய்தி. தென்னையும் நெத்திலியும் நாமும் அந்த ஒரே கூட்டுறவின் வழித்தோன்றல்கள். இத்தனை கோடி ஆண்டுகளில் சிக்கலான உடலுக்கு இட்டுச்சென்ற வழித்தடம் வேறொன்று நமக்குத் தெரியவில்லை என்பதே என்னை மிகவும் சிந்திக்க வைக்கிறது.

காலம் மட்டும் போதாது, அக்காலம் முழுவதும் கடல் நீர்மமாக இருக்கவும் வேண்டும். நம் மணவாளக்குறிச்சி மணலிலுள்ள மோனசைட் என்னும் கனிமத்தை நீங்கள் அறிவீர்கள். அதிலுள்ள தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் பாதியாகச் சிதைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் பிடிக்கும். இத்தகைய தனிமங்கள் பூமிக்குள் சிதைந்து தரும் வெப்பம் கண்டத்தட்டுகள் இன்றும் நகர்வதற்கு ஒரு காரணம். அதனால் எரிமலைகள் கரியமில வாயுவை வெளிவிட, மழையில் கரையும் பாறைகள் அதைத் திரும்பப் பிணைத்து வைக்க, கடல் நிரந்தரமாக உறைந்துவிடாமலும் கொதித்து வற்றிவிடாமலும் காக்கப்பட்டது.

ஆகவே நுண்ணுயிர்கள் பல கோள்களில் இருக்கக்கூடும், சிக்கலான உயிரோ மிக அரிது என்பது என் மதிப்பீடு. ஒரே ஒரு பூமியை வைத்துச் சொல்வதால் இதைக் கணக்கிட்ட நிகழ்தகவாகக் கொள்ள வேண்டாம். சூரியனின் ஒளி கூடிக்கொண்டே போவதால் இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுகளில் நம் கடல்களே வற்றத் தொடங்கும் என்று கருதப்படுகிறது. அதாவது, கிடைத்த காலத்தின் பிற்பகுதியில்தான் விலங்கினமே இங்கு வந்து சேர்ந்தது. எனவே சூரியனைவிடச் சற்றுச் சிறியனவாய், அதைவிட நெடுங்காலம் ஒளிரும் ஆரஞ்சு நிற விண்மீன்களின் கோள்களையே நம் தொலைநோக்கிகள் முதலில் ஆராய வேண்டும் என்பேன்.