சடங்கு ஊராரின் கையில் இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் ஆசிரியரே, தங்கச்சி, வேலைவெட்டி முடித்துப் பின்னேரமே வந்து மணலில் குந்தியிருக்கும் களுவாஞ்சிகுடிச் சனமே, எல்லாருக்கும் வணக்கம்.

'ஊர்ச் சடங்குகள் இன்றைய சமூகத்துக்குத் தேவையா, சுமையா?' என்பது தலைப்பு. தேவை என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய ஆசிரியர், "பெரியம்மை ஒழிந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் எதற்கு அம்மை தணிய அம்மனைக் குளிர வைக்கும் குளிர்த்திச் சடங்கு? சடங்கென்றால் கடன், கடனென்றால் கண்ணீர்" என்றார். தங்கச்சி கேட்டது அதைவிடக் கனமான கேள்வி. "சடங்கோடு சேர்த்துச் சாதியையும் காப்பாற்றச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

கடனை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் செய்யும் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், வீடியோ, மேடை அலங்காரம் என்று நுண்கடன் எடுத்துவிட்டுக் கட்ட முடியாமல் தவிக்கிற குடும்பங்களை இங்கே எல்லாருக்கும் தெரியும். அதை நான் தூக்கிப்பிடிக்க வரவில்லை. ஆனால் மாமிமார் தண்ணீர் வார்ப்பதற்கு மண்டபம் கேட்டது யார்? சடங்கு கேட்கவில்லை. அயலாருக்குக் காட்ட வேண்டும் என்று நாம்தான் கேட்டோம்.

இனிப் பெரியம்மைக்கு வருகிறேன். 1980இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தது. தடுப்பூசி செய்த வேலை அது, அதில் மறுபேச்சு இல்லை. சரி, அப்படியென்றால் குளிர்த்தியும் அதோடு நின்றிருக்க வேண்டுமே, ஏன் நிற்கவில்லை? சண்டை நடந்த காலத்திலும், இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகும், சனம் முதலில் தேடிப் போய்க் கதவு திறந்த இடங்களில் அம்மன் கோயிலும் ஒன்று. நோய்க்காக மட்டும்தான் அந்தச் சடங்கு என்றால் இதற்கு விளக்கமே கிடையாது.

நம் கிழக்கிலங்கைக் கரையில் தெற்கே தம்பிலுவிலில் தொடங்கி, காரைதீவு, கல்லாறு, மகிழூர், செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு, ஆற்றுக்கு அந்தப்பக்கம் முதலைக்குடா, மகிழடித்தீவு, வடக்கே வந்தாறுமூலை வரைக்கும் கண்ணகை அம்மன், அதாவது கண்ணகி, இருக்கிறாள். இந்தக் கோயில்களில் பல, பழைய வழக்கப்படி, வருடச் சடங்குக்கு மட்டும் கதவு திறப்பவை. கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, இரவிரவாகக் கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை படித்து, கடைசியில் குளிர்த்தி. வழக்குரை வெறும் வாய்ப்பாட்டு அல்ல. ஏட்டில் கிடந்ததை வித்துவான் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்துப் புத்தகமாகவும் தந்திருக்கிறார். அதில் என்ன கதை? விசாரிக்காமல் ஒருவனைக் கொன்ற அரசன். அவன் வாசலுக்கே போய், "என் புருஷன் கள்வன் இல்லை" என்று சிலம்பை உடைத்துக் காட்டிய பெண். நீதி தவறியதால் எரிந்த நகரம். நம்முடைய ஊர்கள் அவளை அந்தக் கோபத்தோடு தனியே விடவில்லை. பாட்டுப் பாடி, மஞ்சள் நீரும் வேப்பிலையும் கொண்டு, ஊரே கூடி நின்று அவளைக் குளிர வைக்கிறது.

1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்த அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும் ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப் போனவர்கள். அதே வந்தாறுமூலையில்தான் கண்ணகை அம்மன் கோயிலும் இருக்கிறது. கொலைக்களக் காதை படிக்கிற இரவில் ஒரு தாய் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதால், அவள் யாரை நினைத்து அழுகிறாள் என்று பக்கத்தில் இருப்பவள் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும். எந்த அலுவலகத்தில் அவளுக்கு அந்த இடம் கிடைத்தது? ஆசிரியர் ஐயா, பெரியம்மை போய்விட்டது. ஆனால் அந்த வெக்கை இன்னும் போகவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்னர், ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கேயும் வருடாவருடம் அந்த நாளில் அவர்களுக்காகக் கூடிப் பிரார்த்திக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு டிசம்பர் 26 காலையில் இந்தக் கரை முழுவதும் பாருங்கள். படத்தை வைத்து விளக்கேற்றுகிறார்கள், பிள்ளைக்குப் பிடித்த பலகாரத்தைச் சமைத்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எந்த ஆகமமும் எந்தப் பத்ததியும் இதைச் சொல்லவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு எட்டாம் நாள் கிரியை எப்படிச் செய்வது, முப்பத்தோராம் நாள் கிரியை எப்படிச் செய்வது என்று தெரியாமல் நின்ற சனம், தானே ஒரு வழியை உண்டாக்கிக்கொண்டது. போன தலைமுறையில் இல்லாத சடங்கு இது. காலம் மாறினால் சடங்கு தேவைப்படாது என்பவர்கள் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் கண்ணகை என்று கும்பிடுகிறவளைச் சிங்களச் சனம் பத்தினி தெய்யோ என்று கும்பிடுகிறது. நம்முடைய கொம்பு விளையாட்டில் வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். கொம்பைக் கொம்போடு கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள், ஒன்று முறியும் வரைக்கும். இதே விளையாட்டு சிங்கள ஊர்களில் அங்கெலிய என்ற பெயரில் இருந்திருக்கிறது. இனப்பிரச்சினைக்குத் தீர்வு கொம்பு விளையாட்டில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரே தெய்வத்துக்கு ஒரே விளையாட்டை இரண்டு மொழியில் விளையாடியவர்கள் நாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பேரில் நடக்கும் கொடியேற்றமும் அப்படித்தான். முஸ்லிம்களுக்கு உள்ளேயே அது வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் உண்டு. அது அவர்கள் வீட்டுப் பேச்சு, அதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் தமிழ்ச் சனமும் போய்வந்த இடம் அது.

தங்கச்சியின் கேள்விக்கு இப்போது வருகிறேன். நேரம் போனாலும் பரவாயில்லை, இதற்குத்தான் நான் ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டும்.

தங்கச்சி, நீங்கள் சொன்னது உண்மை. அம்மன் சடங்கில் பறைமேளம் இல்லாமல் தெய்வம் வராது என்போம். அந்த மேளத்தை அடிக்கிறவரை வாசலுக்கு வெளியே நிற்க வைத்திருந்தோம். அவர் அடித்தால் அம்மன் இறங்குவாள், அவர் மட்டும் உள்ளே ஏறக்கூடாது! இதை மரபு என்று சொல்லி நியாயப்படுத்துகிற ஒருவரோடும் எனக்கு உறவில்லை. அந்தக் குடும்பங்களில் படித்த பிள்ளைகள், "எங்கள் அப்பாவோடு இது போகட்டும்" என்று மேளத்தைக் கீழே வைத்தது முழுக்க நியாயம்.

ஆனால் அவர்கள் மேளத்தை வைத்த பிறகு நாம் என்ன செய்தோம்? மன்னிப்புக் கேட்டோமா, சம்பளம் கூட்டினோமா, உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டோமா? பல இடங்களில் வெளிநாட்டுக் காசு சேர்த்து ஒரு மெசின் வாங்கினோம். பார்த்திருப்பீர்கள், இரும்புச் சட்டத்தில் ஒரு மணி, ஒரு மேளம், இரண்டு தடி, பின்னால் ஒரு மோட்டார். தீபாராதனை நேரத்தில் ஒரு பையன் சுவிட்சைத் தட்டுகிறான். டங்கு டங்கு டங்கு என்று ஒரே கதியில் அடிக்கிறது. கரன்ட் போனால் நிற்கிறது. உருவேறுகிறவரின் மூச்சைப் பார்த்து அது கதியை மாற்றாது. சாதியும் போகவில்லை, மேளம்தான் போனது. மனிசனை உள்ளே எடுப்பதைவிட மோட்டாரை உள்ளே எடுப்பது நமக்குச் சுகமாக இருந்தது.

எதிரணி கேட்கிற மாற்றம் இப்படிப்பட்டதாக இருந்தால் அதனால் யாருக்கும் விமோசனம் இல்லை. மாற்றத்துக்கு வேறு வழி உண்டு, நம் கண்முன்னே செய்து காட்டியும் இருக்கிறார்கள். மட்டக்களப்புச் சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கரும் அந்த ஊர்க் கூத்தர்களும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் செய்தார்கள். பெண்ணை இழிவு செய்கிற வரி, சாதியை உயர்த்தித் தாழ்த்துகிற வரி எல்லாவற்றையும் களரியில் ஆடுகிறவர்களே உட்கார்ந்து பேசி, வாதாடி, மாற்றினார்கள். ஆட்டமும் போகவில்லை, ஊரும் போகவில்லை. கூத்தில் முடிந்தது கோயிலில் ஏன் முடியாது?

கோயில்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு எதிர்மாறு. கோபுரம் எழும்புகிறது, கும்பாபிஷேகம் நடக்கிறது. கும்பாபிஷேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்புறம், "முறையான பூசை வேண்டும்" என்று, இதுவரை சடங்கு செய்துவந்த கட்டாடியாரை ஒதுக்கிவிடுகிறார்கள். நெல் குற்றிய பெண்கள், மடிப்பிச்சை எடுத்துப் பொங்கியவர்கள், வழக்குரை படித்த கிழவர், எல்லாரும் அர்ச்சனைச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறவர்கள் ஆகிறார்கள். முறை, முறை என்கிறார்களே, மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு மந்திரமும் உச்சரிக்காமல் பூசை செய்கிறார். அந்த முருகன் ஏற்றுக்கொள்ளவில்லையா? பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாளும் பாரதக் கதையை ஊரவர்களே தங்கள் உடம்பில் ஏற்றி, தருமராகவும் அருச்சுனராகவும் வனவாசம் போய், தவசு நின்று, தீயில் இறங்குகிறார்கள். அங்கே பார்வையாளராக மட்டும் வருகிறவர் எத்தனை பேர்? ஒருவர் விறகு தருகிறார், ஒருவர் குழி வெட்டுகிறார், ஒருவர் நோன்பு பிடிக்கிறார். வெளிநாட்டுக்குப் போன பிள்ளை லீவு போட்டு வருவது இதற்காகத்தான். சுவிட்சைத் தட்டுவதைப் பார்க்க ஒருவரும் டிக்கெட் போட்டு வரமாட்டார்கள்.

ஆசிரியர் கடைசியாக, "பத்து வருடத்தில் இதைச் செய்ய ஆள் இருக்குமா?" என்று கேட்டார். அது நம் கையில்தான் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மார் இருக்கிறார்கள், உங்களிடமே கேட்கிறேன். வருகிற வைகாசிக் கதவு திறப்புக்கு முன்னால், வழக்குரை படிக்கிற பெரியவருக்குப் பக்கத்தில் நாலு பிள்ளைகளை இருத்துங்கள், அதில் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கட்டும். மேளம் அடித்த குடும்பங்களின் வீட்டுக்கு நீங்களே நடந்துபோய், என்ன மரியாதையோடு வந்தால் சரி என்று அவர்களிடமே கேளுங்கள். "வரமாட்டோம்" என்றால் அந்தப் பதிலையும் ஏற்றுக்கொள்ளுங்கள், மறுகா ஊரில் எந்தச் சாதிப் பிள்ளை என்றாலும் அந்த மேளத்தைக் கற்றுக்கொள்ள வழி செய்யுங்கள். முதல் ஆளாக என் மகனை அனுப்புகிறேன்.

நேரம் தந்த நடுவருக்கு நன்றி.