கையடக்க ஃப்ளோரோமீட்டர்: திரையில வர்ற எண்ணை உங்க ஏரித் தண்ணிக்குப் பொருத்துறது எப்படி

வணக்கம். பாசி அளக்குற கையடக்க ஃப்ளோரோமீட்டரைக் காலிபரேட் பண்றதைத்தான் இன்னைக்கு முழுசா பாக்கப் போறோம். பட்டனை அமுக்கறது ரெண்டு நிமிஷ வேலை. எதை வச்சு அமுக்கறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு.

இந்தக் கருவி சுமார் 460 நானோமீட்டர்ல நீல வெளிச்சத்தை அடிக்குது. பாசிக்குள்ள இருக்கிற க்ளோரோஃபில் அதை வாங்கிட்டு 680 பக்கத்துல சிவப்பா ஒளிருது. அந்தச் சிவப்பைத்தான் கருவி அளக்குது. லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் க்ளோரோஃபில்னு அதுக்குத் தானா தெரியாது, நாமதான் சொல்லிக் கொடுக்கணும். பெட்டியோட வர்ற திடத் தரம், அதாவது சாலிட் ஸ்டாண்டர்ட், இருக்கு பாருங்க, அது கருவி நேத்து மாதிரியே இன்னைக்கும் வேலை செய்யுதான்னு பாக்க மட்டும்தான். ரோடமின் சாயக் கரைசலும் அப்படித்தான். உங்க ஏரியில எவ்வளவு பாசின்னு ரெண்டுமே சொல்லாது. நிறைய பேர் இங்கேயே நிறுத்திட்டு ரிப்போர்ட் எழுதிடறாங்க. தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க.

முதல்ல பிளாங்க், அதாவது கருவிக்குப் பூஜ்ஜியம் காட்டக் கொடுக்கிற பாசி இல்லாத தண்ணி. உயிர்ப்பாசியை நேரா அளக்கறதா இருந்தா, டிஸ்டில்ட் வாட்டரை பிளாங்கா வைக்காதீங்க. ஏரித் தண்ணியில இலை, மண் கரைஞ்ச பழுப்பு நிறம் இருக்கும், அதுவும் கொஞ்சம் ஒளிரும். அதனால அதே தண்ணியை 0.7 மைக்ரான் கண்ணாடி நார் ஃபில்டர்ல, ஜிஎஃப்/எஃப்னு சொல்வாங்க, வடிகட்டி எடுங்க. பாசி ஃபில்டர்ல நின்னுடும், நிறம் கீழே இறங்கிடும். அந்த வடிநீர்தான் உங்க பிளாங்க். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியா எடுக்கணும்.

அடுத்தது சாம்பிள். வெயில்ல இருந்து எடுத்த தண்ணியை உடனே அளந்தீங்கன்னா எண் குறைச்சலா வரும். அதிக வெளிச்சத்துல பாசி, வாங்கின ஆற்றலை வெப்பமா வெளியே தள்ளித் தன்னைக் காப்பாத்திக்குது, அதனால ஒளிர்றது குறையுது. பழுப்பு பாட்டில்ல ஊத்தி, இருட்டுல 20லிருந்து 30 நிமிஷம் வைங்க. எல்லா சாம்பிளுக்கும் ஒரே நேரம். அளக்கறதுக்கு முன்னாடி பாட்டிலை மெதுவா நாலஞ்சு தடவை கவுத்து நிமிர்த்துங்க. வேகமா குலுக்கினா குமிழி வரும், செல்லும் உடையும்.

வெப்பநிலையையும் பாத்துக்கோங்க. தண்ணி சூடானா ஒளிர்றது குறையும், க்ளோரோஃபிலுக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். மேல சொன்ன ரோடமின் சாயத்துல டபிள்யூடி வகைக்கு 2.6 சதவீதம். ஏசி ரூம்ல 24 டிகிரியில காலிபரேட் பண்ணிட்டு, 31 டிகிரி ஏரித் தண்ணியை அளந்தா பத்து சதவீதம் அப்படியே காணாமப் போயிடும். பிளாங்க், ஸ்டாண்டர்ட், சாம்பிள் மூணும் ஒரே சூட்டுக்கு வரட்டும். ஐஸ் பெட்டியில இருந்து எடுத்த குவெட்டுல, அதாவது சாம்பிளை ஊத்திக் கருவிக்குள்ள வைக்கிற சின்னக் குப்பியில, வெளிப்பக்கம் பனித்துளி படியும், அதைத் துடைக்காம உள்ள வைக்கவே கூடாது.

குவெட்டை மேல்பக்கமா மட்டும் பிடிங்க. முக்கால் பங்கு நிரப்புங்க, குறைவா இருந்தா ஒளி தண்ணியோட மேல்மட்டத்துல பட்டு எண் துள்ளும். ஒரு பக்கத்துல மார்க்கர்ல புள்ளி வச்சு, எப்பவும் அந்தப் பக்கம் உங்களைப் பாக்கற மாதிரி போடுங்க. காலிபரேட் பண்ற அன்னைக்கு ஒரே குவெட்தான்.

இப்ப முக்கியமான பகுதி. உயிர்ப்பாசி எண்ணை, பாசியில இருந்து பிரிச்செடுத்த க்ளோரோஃபில் அளவோட ஒப்பிடப் போறோம், அதை அளக்க முதல்ல அளவு தெரிஞ்ச கரைசல் வேணும். இதுக்கு 1 மில்லிகிராம் சுத்தமான க்ளோரோஃபில் ஏ வேணும், குப்பியில கிடைக்கும். அதை 90 சதவீத அசிட்டோன்ல கரைச்சு 100 மில்லிக்குக் கொண்டு வாங்க. லிட்டருக்கு 10 மில்லிகிராம்னு கணக்கு, ஆனா குப்பி மேல எழுதினதை நம்ப வேண்டாம். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுதுன்னு அளக்குற ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல, 1 சென்டிமீட்டர் குவெட்டுல, 664 நானோமீட்டர்ல அளந்து, 750ல வர்றதைக் கழிச்சு, 87.67ஆல வகுங்க. லிட்டருக்கு எத்தனை கிராம்னு வரும். சரியா 10 மில்லிகிராம் இருந்தா 0.877 காட்டணும். 0.80 காட்டினா உங்க கரைசல் 9.1தான், மேற்கொண்டு அதையே வச்சுக் கணக்குப் போடுங்க. அப்புறம் 1 மில்லியை 50 மில்லியாக்கினா லிட்டருக்கு சுமார் 200 மைக்ரோகிராம், அதையே பத்து மடங்கு நீர்த்தா 20. இந்த ரெண்டையும் ஃப்ளோரோமீட்டர்ல வைக்கும்போது பிளாங்க் 90 சதவீத அசிட்டோன். வேலை முழுக்க மங்கின வெளிச்சத்துல நடக்கட்டும், மிச்சத்தை மைனஸ் 20ல இருட்டுல வைங்க.

இங்க பாலிஸ்டைரீன் குவெட்டை எடுத்துடாதீங்க. அசிட்டோன் பட்டா ஒரு நிமிஷத்துல பால் மாதிரி கலங்கிடும். கண்ணாடிக் குவெட்தான். அதுல ஆசிட் ஒட்டியிருந்தாலும் போச்சு, க்ளோரோஃபில் மெக்னீசியத்தை இழந்து ஃபியோஃபைட்டினா மாறிடும், எண் இறங்கும்.

ஏரி சாம்பிளுக்கு வரலாம். இருட்டுல வச்ச அதே பாட்டில்ல, முதல்ல உயிர்ப்பாசி அளவை ரா மோடுல, அதாவது காலிபரேஷன் சேராத நேரடி எண்ணா, எடுத்துக் குறிச்சுக்கோங்க. உடனே அதுல இருந்து 200 மில்லியை வடிகட்டுங்க. உறிஞ்சற அழுத்தம் 20 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது, தாண்டினா செல் உடைஞ்சு க்ளோரோஃபில் கீழே போயிடும். ஃபில்டரை 10 மில்லி 90 சதவீத அசிட்டோன்ல அரைச்சு, 4 டிகிரியில இருட்டுல ஊற விடுங்க. குறைஞ்சது 2 மணி நேரம், அதிகபட்சம் 24. அப்புறம் சென்ட்ரிஃப்யூஜ்ல 1000 ஜி விசையில 5 நிமிஷம் சுத்தி, மேல தெளிஞ்ச சாறை ஃப்ளோரோமீட்டர்ல அளங்க. சாறு 240 காட்டினா, 240ஐ 10ஆல பெருக்கி 200ஆல வகுத்தா 12. ஏரியில லிட்டருக்கு 12 மைக்ரோகிராம்.

இதே மாதிரி வெவ்வேற அடர்த்தியில அஞ்சாறு சாம்பிள் செய்ங்க. கரையோரம், நடு ஏரி, காலையில, ரெண்டு வாரம் கழிச்சு. பிளாங்க் கழிச்ச உயிர்ப்பாசி அளவு ஒரு பக்கம், சாறு சொன்ன அளவு இன்னொரு பக்கம்னு கோடு போடுங்க. அந்தச் சாய்வுதான் உங்க காலிபரேஷன். கோடு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல போகலைன்னா முதல்ல பிளாங்கைச் சந்தேகப்படுங்க. நீர்க்க வேண்டி வந்தா அந்த ஏரியோட வடிநீர்லயே நீர்த்துக்கோங்க, டிஸ்டில்ட் வாட்டர் வேண்டாம்.

அந்தக் கோடு அந்த ஏரிக்கு, அந்தப் பருவத்துக்கு மட்டும்தான். பாசி இனம் மாறினா கோடும் மாறும். மைக்ரோசிஸ்டிஸ் மாதிரி நீலப்பச்சைப் பாசி வந்தா ரொம்ப ஜாக்கிரதை. அதுல க்ளோரோஃபில் பெரும்பங்கு, செல்லுக்குள்ள ஒளியமைப்பு 1ங்கற கிட்டத்தட்ட ஒளிராத பகுதியில உக்காந்திருக்கு, நீல வெளிச்சத்தையும் அது சரியா வாங்காது. தண்ணி பச்சையா மிதக்கும்போது எண் சின்னதா வரும். நச்சு வர்ற வாய்ப்பு இருக்கிறதே இந்த வகையிலதான், அதனால குறைச்சல் எண்ணைப் பாத்து யாரும் நிம்மதியாயிடக் கூடாது. ஃபைகோசயனின்ங்கறது நீலப்பச்சைப் பாசியோட நீல நிறமி, அதுக்கு 595 நானோமீட்டர் பக்கத்துல அடிக்கிற சேனல் உங்க கருவியில இருந்தா அதையும் சேர்த்து அளங்க. இல்லைன்னா ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்புல பாத்துடுங்க.

ஸ்பைருலினா வளர்க்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க தொட்டியில லிட்டருக்குப் பல ஆயிரம் மைக்ரோகிராம் இருக்கும். இந்த வகைக் கருவி சுமார் 300 வரைக்கும்தான் நேர்கோடா போகும், அதுக்கு மேல பாசியே பாசியோட ஒளியை மறைச்சு எண் வளைஞ்சு கீழே வரும். வடிகட்டின வளர்ப்பு நீர்ல பாதியா நீர்த்துப் பாருங்க. எண்ணும் பாதியாகலைன்னா இன்னும் நீர்க்கணும்.