மழைக்காலமும் தொட்டியின் உட்சுவரும்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட சில வாரங்களிலேயே மருத்துவமனைகளில் காய்ச்சல்காரர்களின் வரிசை நீளத் தொடங்கிவிடுகிறது. அவர்களில் டெங்குவால் படுத்தவர்களை நினைத்தே இன்று பேச வந்திருக்கிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நாம் புழங்கப் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரிலேயே பிறந்து, பெரும்பாலும் பகலில் கடிப்பது. ஆகவே, புகை அடிக்கும் வண்டி தெருவுக்கு வரவில்லையே என்று குறைப்படுமுன், வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு கிராமத்தில் வீடு வீடாகச் சென்றபோது, ஒரு பாட்டி தம் குடங்களையும் டிரம்மையும் துணியால் வாய்கட்டி வைத்திருந்ததைப் பெருமையோடு காட்டினார். பெருமைப்பட வேண்டிய வேலைதான். கொல்லைப்புறத்திலோ, மிக்சி வந்தபின் கைவிடப்பட்ட ஆட்டுக்கல்லின் குழி நிறைய மழைநீர்; நான் குனிந்து என் நிழல் பட்ட மாத்திரத்தில் புழுக்கள் நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. "இவ்வளவுதானே தம்பி" என்று பாட்டி சிரட்டையால் நீரை மொண்டு கொட்டிவிட்டுக் கையை உதறினார். நம்மில் பலரும் நிறுத்திவிடுகிற இடம் இதுதான். ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில்; மிளகுத்தூள் சிதறியதுபோல் ஒட்டியிருக்கும் அம்முட்டைகள், தொட்டி காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரித்துவிடும். நீரைக் கொட்டினால் புழு போகும். நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் முட்டை போகும். பாட்டி தேங்காய் நாரெடுத்துத் தேய்த்ததோடு, குழியை மணலால் நிரப்பியும் விட்டார்.

முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகுமென்பதால், வாரத்தில் ஒருநாளைத் தேய்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். தொட்டி, டிரம், பூச்சாடித் தட்டு ஆகியவற்றோடு, எவரும் எட்டிப் பார்க்காத ஃபிரிட்ஜின் பின்தட்டையும் மறவாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், உட்சுவரைத் தேய்க்க வேண்டும்.

காய்ச்சல் கண்டவருக்கு ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவை இரத்தக் கசிவை மிகுதியாக்கக்கூடியவை. சூடு தணிந்ததும் பிழைத்தோம் என்று இருந்துவிடவும் கூடாது. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும் அந்த வேளையில்தான் ஆபத்து. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நேரமாகிறதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. வெள்ளநீரில் நடந்து வந்தவர்கள், எலியின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் எலிக்காய்ச்சலை மனத்தில் கொண்டு சோப்பிட்டுக் கால் கழுவுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை நெருங்காமல் மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள். மருத்துவ ஐயங்களுக்கு 104 என்ற எண் இருக்கிறது. வணக்கம்.