மீதிப் பத்துப் பேர்

அவையோருக்கு வணக்கம்.

பொதுச் சுகாதாரம் பற்றிய கூட்டங்கள் பெரும்பாலும் சாதனைக் கணக்கில்தான் தொடங்குகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்று மேடையில் அறிவிப்பார்கள், நாமும் கைதட்டுவோம். நான் இன்று அந்த மீதிப் பத்துப் பேரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், ஏன் விடுபட்டார்கள்?

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். தடுப்பாற்றல் இல்லாதவர்கள் நடுவே ஒரு நோயாளி வந்துவிட்டால், அவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றிக்கொள்ளும். அவர் அறையை விட்டுப் போன பின்பும் 2 மணி நேரம் வரை கிருமி அந்தக் காற்றில் இருக்கும். அதனால்தான் 100 பேரில் 95 பேருக்காவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். சரி, ஒரு நாட்டின் சராசரி 95 என்றே வைத்துக்கொள்வோம். விடுபட்ட ஐந்து பேர் நாடெங்கும் தனித்தனியே சிதறிக் கிடந்தால் பெரிய கவலை இல்லை. சுற்றியிருப்பவர்களே அவர்களுக்கு அரண். ஆனால் விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் அப்படிச் சிதறி இருப்பதில்லை. ஒரே குடியிருப்பில், ஒரே தொழில் செய்யும் குடும்பங்களில், சாலை முடிந்த இடத்துக்கு அப்பால், சேர்ந்தேதான் இருக்கிறார்கள். அங்கே போய்க் கணக்கெடுத்தால் பாதிதான் தேறும். தேசியச் சராசரி அந்தப் பாதியை மறைத்துவிடுகிறது. நோயிடமிருந்து அதை மறைக்க முடியாது.

பெரியம்மை ஒழிந்த கதையை நாம் தடுப்பூசியின் வெற்றியாக மட்டுமே சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் அது தேடலின் வெற்றி. 1966-ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபோகி என்ற மருத்துவரின் கையிலிருந்த மருந்து எல்லாருக்கும் போடப் போதாது. ஆகவே, நோய் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடினார். மிஷனரிகள் தங்களுக்குள் வைத்திருந்த வானொலித் தொடர்பின் வழியே ஊர் ஊராக விசாரித்தார். நோய் கண்ட வீடுகளைச் சுற்றியும், அடுத்து அது போகக்கூடிய ஊர்களிலும் மட்டும் மருந்தைச் செலவிட்டார். சில மாதங்களில் அந்தப் பகுதியில் பெரியம்மை நின்றது. பிறகு இந்தியாவில், அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையோடு களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். ‘இப்படி யாரையாவது பார்த்தீர்களா?’ என்று கேட்டார்கள். தகவல் தந்தவருக்குப் பரிசும் உண்டு. 1975-இல் அங்கும் முடிவுக்கு வந்தது.

இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1977 அக்டோபரில், சோமாலியாவின் மெர்க்கா நகரில் கண்டறியப்பட்டார். பெயர் அலி மாவ் மாலின். அவர் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? மருத்துவமனையில், சமையல்காரராக! அம்மை கண்ட குழந்தைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழிகாட்டப் போனவரைச் சிறிது நேரத்தில் நோய் தொற்றிக்கொண்டது. ஊசி வலிக்கும் என்ற பயத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் இருந்தவர் அவர். பிழைத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்துப் போலியோ சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்து, தயங்கிய பெற்றோர்களிடம் தன் கதையையே சொன்னார். விடுபடுகிறவர்கள் மலையுச்சியில்தான் இருப்பார்கள் என்றில்லை. மருத்துவமனையின் சமையலறையிலும் இருக்கலாம்.

ஏன் விடுபடுகிறார்கள் என்று கேட்டால் ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று உடனே பதில் வரும். இந்தப் பதில் எனக்கு எரிச்சல் ஊட்டுவது. தினக்கூலிக்குப் போகிறவர் வேலையில் இருக்கும் நேரத்தில் மட்டும் சுகாதார நிலையத்தைத் திறந்து வைத்துவிட்டு, அவர் வரவில்லை என்று எழுதுகிறோம். ஊர் விட்டு ஊர் போகும் குடும்பம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டில் இல்லாத குழந்தையை யாரும் தேடுவதும் இல்லை.

நம்பிக்கையின்மைக்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை, டஸ்கிகி பகுதியில் சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையே சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்து வந்தது. பென்சிலின் புழக்கத்துக்கு வந்த பின்பும் தரவில்லை. அரசின் மன்னிப்பு 1997-இல்தான் வந்தது. அப்படி ஏமாற்றப்பட்ட சமூகம் அடுத்த முறை வரும் ஊசியைச் சந்தேகப்பட்டால், அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

யாரையும் தேடிப் போகாமலே எல்லாரையும் சென்றடையும் வழிகளும் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் 1922-இல் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த கழுத்துக் கழலை மெல்ல மறைந்தது. யாரும் வரிசையில் நிற்கவில்லை. பெட்ரோலில் ஈயம் கலப்பதை நாடுகள் ஒவ்வொன்றாக நிறுத்தின. கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. ஏழைக் குழந்தை, பணக்காரக் குழந்தை என்ற பேதமின்றி மூச்சுக்காற்றிலிருந்து ஒரு நஞ்சு குறைந்தது. குழாயில் சுத்தமான நீர் வருவதும் இந்த வகைதான். இப்படிச் செய்ய முடிகிற இடத்தில், ‘கைகழுவுங்கள், கொதிக்க வையுங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுவதோடு நிற்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. விறகு வாங்கக் காசு இல்லாதவரிடம் கொதிக்க வைக்கச் சொல்லி என்ன பயன்?

ஆனால் எல்லாவற்றையும் உப்பில் கலந்துவிட முடியாது. பேறுகாலக் கவனிப்பு, காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை, தடுப்பூசியின் இரண்டாம் தவணை ஆகியவற்றுக்கு ஆள் நடந்துதான் போக வேண்டும். கடைசிப் பத்துப் பேரை அடையத் தலைக்கு ஆகும் செலவு, முதல் தொண்ணூறு பேருக்கு ஆனதைவிடப் பல மடங்கு என்று நிதித்துறையினர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கணக்கு சரிதான். ஆனால் ஒரு கொள்ளைநோய் கிளம்பியபின் அதை அடக்க ஆகும் செலவை அவர்கள் வேறு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அதற்கு முன், எல்லா அறிக்கையிலும் ‘போட்டது எத்தனை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘விடுபட்டது யார், ஏன்’ என்று ஒரு கட்டம் வேண்டும். எண் போதாது. குடியிருப்பின் பெயரும் காரணமும் வேண்டும். அதை நிரப்பக்கூடியவர் தெருத்தெருவாக நடக்கும் சுகாதாரப் பணியாளர் ஒருவர்தான். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த மாமியார் வேண்டாம் என்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இப்போது அவரை மேசையில் உட்காரவைத்து, ஒரே தகவலைப் பல பதிவேடுகளில் திரும்பத் திரும்ப எழுத வைத்திருக்கிறோம். அவற்றில் பாதியை நாளையே நிறுத்திவிட்டு, அந்த நேரத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.