‘வெறும் கிளப் விளையாட்டுதானே’ என்று கேட்ட பையன்

எல்லோருக்கும் வணக்கம்.

விளையாட்டு அனிமே பார்க்கிற யாரைக் கேட்டாலும் நாயகனைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். நாயகனுக்கு ஒரு வெறி இருக்கும். விழுவான், எழுவான், தொண்டை கிழியக் கத்துவான், கடைசியில் ஜெயிப்பான். அவனை நேசிப்பது சுலபம். இன்று நான் பேச நினைப்பது நேசிக்கச் சிரமமான ஒருவனைப் பற்றி. ‘ஹைக்யூ’வில் வலைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு, எப்போது ஆட்டம் முடியும் என்பதுபோல நிற்கிற அந்த நெட்டைப் பையன், ட்சுகிஷிமா கெய்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ‘ஹைக்யூ’ ஹருய்ச்சி ஃபுருதாதே வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. 2012 முதல் 2020 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வந்தது, மொத்தம் 402 அத்தியாயங்கள், 45 தொகுதிகள். அனிமேவை ப்ரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனம் 2014-இல் தொடங்கியது. ஜப்பானின் வடகிழக்கே மியாகி மாகாணத்தில் கராசுனோ என்ற உயர்நிலைப் பள்ளி, அதன் வாலிபால் அணி. கதை இவ்வளவுதான். நாயகன் ஹினாட்டா, உயரம் 162 சென்டிமீட்டர் சொச்சம். நம் ட்சுகிஷிமாவுக்கு 188. இருவரும் ஒரே வகுப்பாண்டு, ஒரே அணி, ஒரே இடத்தில் ஆடுபவர்கள். இருவருமே நடுத் தடுப்பாளர்கள், வலையின் நடுவில் நின்று எதிரணியின் அடியைத் தடுப்பவர்கள்.

முதல் பருவத்திலேயே அவன் எப்படிப்பட்டவன் என்று காட்டிவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக மூன்றுக்கு மூன்று என்று ஒரு ஆட்டம் வைக்கிறார்கள். ஹினாட்டா எகிறி எகிறி அடிக்கிறான். ட்சுகிஷிமா சாவகாசமாகக் கையைத் தூக்கித் தடுக்கிறான். அணிக்குப் புதிதாக வந்த இன்னொருவனான காகேயாமாவை ‘ராஜா’ என்று கிண்டல் செய்கிறான், அதுவும் அவனுக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்து. பயிற்சி நேரம் முடிந்தால் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்க மாட்டான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவனுக்குக் குரல் கொடுத்த கோகி உச்சியாமா ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுகிறார். முக்கால்வாசித் தொடர் முழுக்க அந்தக் குரல் மேலே எழும்புவதே இல்லை. அது எதற்காக என்று பிறகு சொல்கிறேன்.

இப்படி ஒரு பையனைப் பார்த்தால் பெரியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள். ‘உயரம் இருக்கு, மூளை இருக்கு, கொஞ்சம் உழைச்சா எங்கேயோ போயிருப்பான். அக்கறை இல்லை.’ இந்தத் தீர்ப்பை ‘ஹைக்யூ’ ஏற்றுக்கொள்வதே இல்லை. எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

இரண்டாம் பருவத்தில் தோக்கியோ பக்கத்து அணிகளோடு ஒரு கூட்டுப் பயிற்சி முகாம். நேகோமா அணியின் கேப்டன் குரோ, எதிர் அணிக்காரனாக இருந்தும், ட்சுகிஷிமாவை இழுத்துவைத்துத் தடுப்பு கற்றுக்கொடுக்கிறான். பேச்சுவாக்கில், ‘இப்படியே சோம்பலாக இருந்தால் அந்தக் குட்டிப் பையன் நல்ல வாய்ப்பையெல்லாம் கொண்டுபோய்விடுவான்’ என்று சீண்டுகிறான். சாதாரணமாக ட்சுகிஷிமா திருப்பிக் குத்துவான். இங்கே அவன் சிரிக்கிறான். அது வேறு வழியில்லையே, ஹினாட்டாவுக்கும் எனக்கும் பிறவியிலேயே திறமை வேறு வேறல்லவா என்கிறான்.

இந்த இடத்தில் நான் வீடியோவை நிறுத்திவிட்டு யோசித்தேன். 188 சென்டிமீட்டர் உயரமுள்ளவன், 162 இருப்பவனைப் பார்த்து ‘அவனுக்குத்தான் திறமை’ என்கிறான்! ஊரே இவனைத் திறமைசாலி என்கிறது. இவன் ஒருவன் மட்டும் அதை நம்பவில்லை. அவன் அலட்சியமாக இருப்பதாக நமக்குத் தெரிவதற்கு அடியில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது: எவ்வளவு உழைத்தாலும் மேலே ஒருவன் இருப்பான், ஒருநாள் அவன் என்னைத் தூக்கி வெளியே போடுவான், அப்புறம் எதற்கு இவ்வளவு உயிரைக் கொடுக்க வேண்டும்?

அந்தக் கணக்கை அவன் எங்கே கற்றான்? வீட்டில்தான்.

அவனுக்கு அகிதேரு என்று ஒரு அண்ணன். நடுநிலைப் பள்ளியில் நட்சத்திர ஆட்டக்காரன். அதே கராசுனோவில் போய்ச் சேர்கிறான். தம்பி அப்போது தொடக்கப் பள்ளியில் படிக்கிறான், எங்க அண்ணன்தான் அணியின் நட்சத்திரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அண்ணனும் ஆமாம் என்கிறான். ஆனால் ஆட்டம் பார்க்க மட்டும் வராதே, நீ வந்தால் எனக்குப் பதற்றமாகிவிடும் என்கிறான். ஒருநாள் தம்பி போய்விடுகிறான். அரங்கில் கராசுனோ ஆடுகிறது, அண்ணனைக் காணோம். மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சிலும் இல்லை. பார்வையாளர் வரிசையில் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருக்கிறான். அண்ணன் தம்பி இருவர் கண்ணும் சந்திக்கின்றன. அண்ணனின் முகம் போகிற போக்கை அனிமேவில் பாருங்கள், நான் வர்ணித்துக் கெடுக்க விரும்பவில்லை.

அன்றைக்கு அந்த அணியில் யார் ஆடிக்கொண்டிருந்தான்? ‘குட்டி ராட்சசன்’ என்று பட்டப்பெயர் வாங்கிய குள்ளமான ஆட்டக்காரன். ஹினாட்டா தொலைக்காட்சியில் பார்த்து, நானும் இவனைப்போல ஆக வேண்டும் என்று கிளம்பினானே, அதே ஆள். ஒரே மனிதன். ஒரு பையனுக்கு அவன் வாழ்க்கையின் விடிவெள்ளி, இன்னொரு பையனுக்கு அண்ணனின் இடத்தை எடுத்துக்கொண்டவன். இப்போது ட்சுகிஷிமா தினமும் பயிற்சிக்கு வந்தால் எதிரே துள்ளிக்கொண்டிருப்பது யார்? அந்தக் குட்டி ராட்சசனின் மறுபதிப்பு. அவன் ஹினாட்டாவை ஏன் அப்படிக் கரித்துக் கொட்டுகிறான் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. இருவரையும் ஒரே அணியில், ஒரே நிலையில் நிறுத்தியது ஃபுருதாதேயின் கதைத்திறன்.

சரி, இந்தப் பையன் எப்படி மாறுகிறான்?

ரசிகர்களில் பெரும்பாலானோர் யமாகுச்சியைச் சொல்வார்கள். சிறு வயது நண்பன், ட்சுகிஷிமாவின் நிழல்போலப் பின்னாலேயே வருகிறவன். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஆடும் அணியில் இடம் கிடைக்காதவன் அவன் ஒருவன்தான். அதற்காக ஒரு தனி சர்வீஸைத் தனியாகப் போய்ப் பழகிக்கொண்டிருக்கிறான். முகாமில் ஒரு இரவு அந்த யமாகுச்சி ஓடிவந்து ட்சுகிஷிமாவின் சட்டையைப் பிடித்துவிடுகிறான். இவ்வளவு நாள் நண்பனை அண்ணாந்து பார்த்தே பழகியவன், ‘தன்மானத்தைத் தவிர வேறு என்னடா வேணும்!’ என்று கத்துகிறான். அருமையான காட்சி, மறுப்பே இல்லை. ஆனால் அந்தக் கத்தலால் ட்சுகிஷிமா மாறிவிட்டான் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் கண்கலங்கவில்லை, சபதம் எடுக்கவில்லை. எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நடந்துபோகிறான். அந்த நடைதான் முக்கியம். மூன்றாம் எண் ஜிம்முக்குப் போய், பயிற்சியில் இருக்கிற குரோவையும், ஃபுகுரோதானி என்ற இன்னொரு அணியின் கேப்டன் போகுட்டோவையும் பார்த்து, அவன் மனதில் வருடக்கணக்காகக் கிடந்த கேள்வியைக் கேட்கிறான். பள்ளியில் ஆடுகிற வெறும் கிளப் விளையாட்டுதானே, பின்னால் பயோடேட்டாவில் ஒரு வரி எழுதலாம், அவ்வளவுதானே? அதற்கு ஏன் இவ்வளவு உயிரை விடுகிறீர்கள்?

யார் பதில் சொல்வது என்று பாருங்கள். போகுட்டோ. நாட்டின் முதல் ஐந்து அடிப்பாளர்களில் ஒருவன் என்று பெயர் வாங்கியவன், ஆனால் தத்துவம் பேசுகிற ஆள் கிடையாது. அவன் திருப்பிக் கேட்கிறான், உனக்கு வாலிபால் பிடித்திருக்கிறதா? அப்படியொன்றும் இல்லை என்கிறான் ட்சுகிஷிமா. அப்படியென்றால் உனக்குச் சரியாக ஆடத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான் போகுட்டோ. பிறகு தன் கதையைச் சொல்கிறான். குறுக்காக அடிப்பதில் அவன் கெட்டிக்காரன், ஒரு போட்டியில் எதிரணி அதை அடியோடு அடைத்துவிட்டது. அவமானம் தாங்காமல் நேர்க்கோட்டு அடியைத் திரும்பத் திரும்பப் பழகினான். அடுத்த போட்டியில் அதே தடுப்பாளர்கள் நிற்க, நேராக அடித்தான், பந்து அவர்கள் கையிலேயே படவில்லை. அந்த ஒரு அடியில் ‘என் காலம் வந்துவிட்டது!’ என்று தோன்றியது. அந்தக் கணம் உனக்கு வருமா வராதா, அதில்தான் எல்லாம் இருக்கிறது. வந்தால், அன்றைக்கு நீ வாலிபாலுக்கு அடிமை. இதுதான் அவன் சொன்னதன் சாரம்.

இதில் எனக்குப் பெரிய வெளிச்சம் கிடைத்தது. ‘ஆர்வம் இருந்தால் தானாக உழைப்பான்’ என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளிடம் ஆர்வத்தை முதலில் கேட்கிறோம், அது இல்லை என்றால் கைவிட்டுவிடுகிறோம். போகுட்டோ வரிசையை மாற்றிப்போடுகிறான். முதலில் ஒரு விஷயத்தை உருப்படியாகச் செய்யக் கற்றுக்கொள், ருசி பிறகு வரும். அப்புறம் இருவரும் அறிவுரை எதுவும் சொல்லாமல் அவனை வலைக்கு முன்னால் நிற்கவைத்துப் பந்து அடிக்கிறார்கள். கையை மேலே நீட்டினால் போதாது, வலைக்கு அந்தப் பக்கம் முன்னால் நீட்டு. விரல்களைத் தளர விடாதே. எதிரணிப் பையன்கள் இரவு நேரத்தில் நின்று இதைச் செய்கிறார்கள்.

இங்கே வாலிபாலைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருவதன் அருமை தெரியாது. தடுப்பில் பல வகை உண்டு. அடிப்பவன் எகிறும்போதே கூடவே எகிறுவது ஒன்று. கராசுனோ பின்னால் எதிர்கொள்கிற ஷிராதோரிசாவா என்ற அணியில் தெண்டோ என்று ஒருவன் இருக்கிறான், அவன் உள்ளுணர்வை நம்பி முன்கூட்டியே ஊகித்துப் பாய்வான், சரியாக இருந்தால் பிரமாதம். ட்சுகிஷிமா பழகியது மூன்றாவது வகை. செட்டர், அதாவது அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக்கொடுப்பவன், பந்தை எங்கே தூக்குகிறான் என்று பார்க்கும்வரை காத்திருந்து, பார்த்த பிறகே எகிற வேண்டும். ஏமாற மாட்டாய், ஆனால் தாமதமாகும். உயரமும் நிதானமும் இருப்பவனால்தான் முடியும். இந்த வகைத் தடுப்பில் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் விழாது, கையில் உரசி வேகம் குறைந்து நம் பக்கமே வரும். விதிப்படி அந்த உரசல் மூன்று தொடுகைகளில் சேராது, பின்னால் நிற்பவர்கள் அதை எடுத்து முழுத் தாக்குதலும் கட்டலாம். கைதட்டல் கிடைக்காத வேலை. புள்ளிப் பட்டியலிலும் ஏறாது.

மூன்றாம் பருவம், 2016. பத்தே பத்து அத்தியாயங்கள், பத்தும் ஒரே ஆட்டம். மாகாண இறுதிப் போட்டி, ஐந்து செட். எதிரே ஷிராதோரிசாவா, அதில் உஷிஜிமா. இடது கைக்காரன், நாட்டின் முதல் மூன்று அடிப்பாளர்களில் ஒருவன். இடது கையால் அடித்தால் பந்தின் சுழற்சி தலைகீழாக இருக்கும், அதனால் கராசுனோவின் நிஷினோயா போன்ற தேர்ந்த தற்காப்பாளனே ஆரம்பத்தில் தடுமாறுகிறான். இவனைத் தடுக்க முடியுமா என்ற பேச்சு வரும்போது ட்சுகிஷிமா, எல்லாவற்றையும் முடியாது, சிலவற்றைத் தடுக்கும் எண்ணம் இருக்கிறது என்கிறான். அவனுடைய பேச்சாகவே இருக்கிறது, பாருங்கள். வீராப்பு இல்லை. ஆனால் ‘சில’ என்று ஒரு இலக்கு வந்துவிட்டது.

இரண்டாவது செட் முழுக்க அவன் செய்வதைக் கவனியுங்கள். அவன் குறி உஷிஜிமா மேல் இல்லை, பந்தைத் தூக்கிக்கொடுக்கிற ஷிராபு மேல். ஷிராபு உஷிஜிமாவை நம்பியே அந்தப் பள்ளிக்கு வந்தவன், தன் கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் அடக்கிவைத்துக்கொண்டு அவனுக்கு நல்ல பந்து கொடுப்பதே கடமை என்று ஆடுகிறவன். அவன் கொடுக்கிற ஒவ்வொரு பந்திலும் ட்சுகிஷிமாவின் விரல் எங்கேயாவது உரசுகிறது. முடிய வேண்டிய அடி முடியாமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஷிராபுவுக்குள் எரிச்சல் ஏறுகிறது. செட் இழுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் அந்த எரிச்சலில், பந்து எப்போதும் போகிற இடத்திலிருந்து துளி விலகிப் போகிறது. ட்சுகிஷிமா அதற்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தான். ஒரு கணம் தாமதித்து எகிறுகிறான். உஷிஜிமாவின் அடி அவன் கையில் மோதி உஷிஜிமாவின் பக்கமே விழுகிறது. கராசுனோ அந்த செட்டை எடுத்துவிடுகிறது.

வெறும் ஒரு தடுப்பு, இருபத்தைந்தில் வெறும் ஒரு புள்ளி, வெறும் கிளப் விளையாட்டு. அவன் பேசிக்கொண்டிருந்த வாதம் அவன் மனதிலேயே ஓடுகிறது. பிறகு இரண்டு கையையும் முஷ்டி பிடித்து அவன் கத்துகிறான். உச்சியாமா அவ்வளவு அத்தியாயங்களாகக் குரலை அடக்கிவைத்திருந்தது இந்த ஒரு கத்தலுக்காக. பார்வையாளர் வரிசையில் அகிதேரு உட்கார்ந்திருக்கிறான். ஒரு காலத்தில் தம்பி கண்ணில் பட்டு அவன் குறுகிப்போன அதே பார்வையாளர் இடம். இப்போது அங்கிருந்து தம்பியைப் பார்க்கிறான். இதை நான் பலருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், வாலிபால் தெரியாதவர்களும் அழுதிருக்கிறார்கள்.

ஐந்தாவது செட்டில் விரலில் அடிபட்டு வெளியேறுகிறான். முன்பிருந்த ட்சுகிஷிமாவுக்கு இது நல்ல சாக்கு, யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவன் விரலைக் கட்டிக்கொண்டு திரும்பி ஓடிவருகிறான்.

ஆர்வமில்லாத திறமைசாலிகள் வேறு தொடர்களிலும் உண்டு. ‘குரோகோ’ என்ற கூடைப்பந்துத் தொடரின் அவோமினே சிலருக்கு நன்றாக நினைவிருக்கும். அவன் சலிப்பு எதிராளி கிடைக்காத சலிப்பு, இன்னும் பெரிய எதிராளி வந்ததும் தீர்ந்துவிடுகிறது. அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அத்தனை பலசாலியின் கஷ்டம் நம்மில் எத்தனை பேருக்கு வரும்? ‘ஹைக்யூ’விலேயே நேகோமாவின் கென்மா ஒருவன் இருக்கிறான், வியர்ப்பதே பிடிக்காத செட்டர், 2024-இல் வந்த படம் பெரும்பாலும் அவனுடையது. அவனைப் பற்றிப் பேச ஒரு தனி மாலை வேண்டும்.

ட்சுகிஷிமா பின்னால் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மங்காவின் கடைசிப் பகுதியில் ஹினாட்டாவும் காகேயாமாவும் தேசிய அணி வரை போகிறார்கள். இவன் செந்தாய் ஃப்ராக்ஸ் என்ற இரண்டாம் நிலை லீக் அணியில் ஆடுகிறான், கூடவே செந்தாய் நகர அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறான். சில ரசிகர்கள் இதில் வருத்தப்பட்டார்கள், திறமை வீணாகிவிட்டதாம். எனக்கு வருத்தமே இல்லை. பள்ளியோடு முடிந்துபோகும் கிளப் என்று சொன்னவன், கட்டாயம் எதுவும் இல்லாத வயதில், வேலைக்கும் போய்க்கொண்டு இன்னும் வலைக்கு முன்னால் நிற்கிறான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் தடுப்பு வருகிற மூன்றாம் பருவத்தின் நான்காவது அத்தியாயத்தைத் துண்டாக எடுத்துப் பார்க்காதீர்கள். இரண்டாம் பருவத்தின் முகாமிலிருந்து தொடங்குங்கள். மூன்றாம் எண் ஜிம்மில் அவன் கை எங்கே இருக்கிறது, விரல் எப்படி இருக்கிறது என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இறுதி ஆட்டத்தில் அதையெல்லாம் நீங்களே அடையாளம் கண்டுபிடிப்பீர்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள், போகுட்டோ ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் சந்தோஷமே.